பாத்தி பாத்தியாக வரையப்படும் திரை
சிறிய சிப்களில் படமுறைத் தொடுதிரை இயங்கும் விதம்

கைத்தொலைபேசித் திரையில் ஒரு சிறு படத்தை விரலால் தொட்டவுடன் அது திறந்து கொள்கின்றது. வங்கியின் பண இயந்திரத்தின் முன் நிற்கும்போது, திரையில் தெரியும் சொல்லுக்கு நேரே உள்ள பொத்தானை அமுக்கி எமது அலுவலை முடித்துக் கொள்கின்றோம். கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டெழுதாமல், கண்ணுக்குத் தெரியும் படங்களையும் பொத்தான்களையும் தொட்டு இயந்திரத்தை நடத்தும் இம்முறையைப் படமுறை இடைமுகம் என்பர். இக்கட்டுரையில் அதனைச் சுருக்கமாகப் 'படத்திரை' என்றே அழைப்போம்.

முன்னர் இத்தகைய படத்திரைக்கு ஒரு முழுக் கணனி தேவைப்பட்டது. இன்று 51 மில்லிமீற்றர் நீளமும் 21 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு சிறு பலகையில் அதனை இயக்கலாம். சலவை இயந்திரங்கள், சூரிய மின்சாரப் பெட்டிகள், மின்தராசுகள் போன்றவற்றின் முகத்தில் நாம் காணும் திரைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இத்தகைய ஒரு சிறு சிப்பே வேலை செய்கின்றது.

இதை அறிந்து எமக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நீர்ப்பம்பி, சூரிய மின்தகடு, குளிரூட்டி என்று எமது தொழிலுக்கு வரும் பொருட்கள் பலவும் இப்போது திரையுடனேயே வருகின்றன. திரையிலுள்ள சொல் விளங்காவிட்டால், பொருள் எமதாக இருந்தாலும் அதை நடத்த இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கின்றது. திரை எப்படி வேலை செய்கின்றது என்று விளங்கிக் கொண்டவர் அச்சமின்றி அதனைக் கையாளலாம். வாங்கும்போது சரியான கேள்வியைக் கேட்கலாம். வீட்டிலுள்ள பிள்ளைகள் ஆர்வம் கொண்டால் தாமே ஒன்றைச் செய்தும் பார்க்கலாம்.

நுண்கட்டுப்படுத்தி என்றால் என்ன?

கணனியில் கணிக்கும் பகுதி, நினைவகம், வெளிக் கருவிகளை இணைக்கும் பகுதி என்பன தனித்தனியாக இருக்கும். இவை யாவற்றையும் ஒரே சிப்பினுள் அடக்கினால் அது நுண்கட்டுப்படுத்தி எனப்படும். அதன் ஓரங்களிலுள்ள சிறிய கால்கள் வழியாக அது வெப்பம், நீர்மட்டம் போன்றவற்றை அறியும். மின்குமிழை எரிக்கும், திரைக்குச் செய்தி அனுப்பும்.

இதற்கு இரண்டு வகையான நினைவகங்கள் உண்டு. முதலாவது நிலையான நினைவகம். செய்நிரலும் படங்களும் எழுத்துகளும் இதில் இருக்கும். மின்சாரம் நின்றாலும் அழியாது. இரண்டாவது வேலை நினைவகம். வேலை நடக்கும்போது கையாளும் தரவுகள் மட்டும் இதில் தங்கும். மின்சாரம் நின்றால் போய்விடும். முன்னையதை வீட்டிலுள்ள களஞ்சியம் என்றால், பின்னையதை நாம் வயலுக்குக் கையில் கொண்டு போகும் கடகம் எனலாம். களஞ்சியம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு தடவையில் கடகம் கொள்ளுமளவுதான் கொண்டு போகலாம். சிறிய சிப்களில் எப்போதும் நெருக்கடி தருவது இந்தக் கடகமே.

சில உதாரணங்களைப் பார்ப்போம். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆரம்பமானது ஆர்டுயினோ என்னும் முயற்சி. மாணவர்களும் கலைஞர்களும் இலகுவாகப் பாவிக்கக்கூடிய பலகைகளைச் செய்வதே அதன் நோக்கம். அதன் ஊனோ என்னும் பலகையிலுள்ள சிப்பில் நிலையான நினைவகம் 32 கிலோபைற்று. வேலை நினைவகம் 2 கிலோபைற்று மட்டுமே. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ராஸ்பெரி பை நிறுவனத்தார் 2021 ஜனவரியில் பிக்கோ என்னும் பலகையை 4 அமெரிக்க டொலர் விலையில் வெளியிட்டனர். அதில் வேலை நினைவகம் 264 கிலோபைற்று. நிலையான நினைவகம் 2 மெகாபைற்று.

இதனை இன்னொரு கணனியோடு ஒப்பிடலாம். படத்திரையைச் சாதாரண மக்களிடம் கொண்டு சென்றவற்றுள் முக்கியமானது 1984 ஜனவரியில் வெளிவந்த அப்பிள் மக்கின்ரொஷ் கணனி. அதன் வேலை நினைவகம் 128 கிலோபைற்று. விலை 2,495 டொலர். ஆகவே, இன்றைய 4 டொலர்ப் பலகையின் கடகம் அன்றைய மக்கின்ரொஷின் கடகத்தைப் போல இரு மடங்கிலும் பெரிது. அப்படியானால் கஷ்டம் எங்கே இருக்கின்றது? நாம் கேட்கும் படமும் பெரிதாகிவிட்டது என்பதிலேதான்.

ஒரு படத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

திரையில் தெரியும் படம், பாயில் இழைகள் போல வரிசை வரிசையாக அமைந்த சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஓர் எண்ணாக வைத்திருக்க வேண்டும். மக்கின்ரொஷ் திரையில் 512 நிரல்களும் 342 வரிசைகளும் இருந்தன. கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்கள் ஆகையால் ஒரு புள்ளிக்கு ஒரு பிற்று போதும். 8 பிற்று ஒரு பைற்று. ஆகவே முழுப் படத்துக்கும் 21,888 பைற்று போதுமானதாயிற்று.

இன்று சிறு பலகைகளோடு பெரும்பாலும் சேர்த்து விற்கப்படும் வர்ணத் திரையில் 320 நிரல்களும் 240 வரிசைகளும் உள்ளன. அதாவது 76,800 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 என 16 பிற்று, அதாவது 2 பைற்று செலவாகும். இதனால் 65,536 நிறங்களைக் காட்டலாம். ஆனால் முழுப் படத்துக்கும் 153,600 பைற்று தேவை. பிக்கோவின் வேலை நினைவகத்தில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். ஊனோவிலோ இதை நினைத்தும் பார்க்க முடியாது; அதன் கடகத்தைப் போல 75 கடகம் வேண்டும்!

அப்படியிருந்தும் இத்தகைய சிப்கள் வர்ணத் திரைகளை இயக்குகின்றன. இதன் இரகசியம் தோட்டக்காரருக்குப் புதிதல்ல.

பாத்தி பாத்தியாக

வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும்போது தோட்டம் முழுவதையும் ஒரேயடியாக நனைக்குமளவு தண்ணீர் கிணற்றிலிருந்து வருவதில்லை. வாய்க்காலில் வரும் தண்ணீரை ஒரு பாத்திக்கு விட்டு, அது நிறைந்ததும் மண்ணை வெட்டி அடைத்து அடுத்த பாத்திக்கு மாறுகின்றோம். நனைந்த பாத்தி நனைந்தபடியே இருக்க, தண்ணீர் முன்னே செல்கின்றது. முடிவில் தோட்டம் முழுவதும் நனைந்து விடுகின்றது.

சிப் செய்வதும் இதுவே. திரையைப் பல கீற்றுகளாகப் பிரித்துக் கொள்ளும். முதலாவது கீற்றை மட்டும் வேலை நினைவகத்தில் வரைந்து, நாலைந்து மெல்லிய கம்பிகள் வழியாகத் திரைக்கு அனுப்பும். பின்னர் அதே இடத்தில் இரண்டாவது கீற்றை வரையும், அனுப்பும். இவ்வாறு கடைசிக் கீற்று வரை செல்லும். 240 வரிசைகளைப் பத்தாகப் பிரித்தால் ஒரு கீற்றுக்கு 24 வரிசை. அதற்கு வேண்டியது 15,360 பைற்று மட்டுமே. முழுப் படத்துக்குத் தேவையான இடத்தில் இது பத்தில் ஒன்று.

அனுப்பிய கீற்று அழியாமல் நிற்பது எப்படி? திரைக்கும் ஒரு சொந்தச் சிப்பும் சொந்த நினைவகமும் உண்டு. மேலே சொன்ன அளவுத் திரைகளில் அதிகமாகக் காணப்படும் ஐஎல்ஐ 9341 என்னும் திரைச்சிப்பினுள் 172,800 பைற்று இடம் இருக்கின்றது. எமது பலகை அனுப்பியதை அது தன்னிடம் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் திரையில் காட்டிக் கொண்டிருக்கும். நனைந்த பாத்தி ஈரமாக நிற்பது போலத்தான் இது.

2 கிலோபைற்று மட்டும் உள்ள ஊனோவிலும் இம்முறை உதவுகின்றது. 128 நிரலும் 64 வரிசையும் கொண்ட ஒற்றை நிறச் சிறு திரைக்கு 1,024 பைற்று வேண்டும். அதை முழுதாக வைத்தால் நினைவகத்தில் பாதி போய்விடும். யு8ஜி2 என்னும் இலவசச் செய்நிரல் தொகுதி இதனை 8 வரிசைக் கீற்றுகளாகப் பிரித்து, 128 பைற்றிலே சமாளிக்கவும் வழி தருகின்றது. அப்போது ஒரே படத்தை 8 தடவை வரைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கீற்றினுள் விழும் பகுதி மட்டும் எடுத்துக் கொள்ளப்படும். இடம் மிச்சமாகின்றது, நேரம் செலவாகின்றது. சிறிய சிப்பில் வேலை செய்வோர் எந்நேரமும் செய்யும் பேரம் இதுதான்.

மாறியதை மட்டும் வரைதல்

அடுத்த சிக்கனம் இன்னும் முக்கியமானது. நீர்த்தாங்கியின் மட்டத்தைக் காட்டும் ஒரு திரையை எண்ணிப் பாருங்கள். மேலே தலைப்பு, நடுவில் தாங்கியின் படம், பக்கத்தில் மட்டத்தைக் காட்டும் எண், கீழே பம்பியை இயக்கவும் நிறுத்தவும் இரண்டு பொத்தான்கள். இவற்றுள் அடிக்கடி மாறுவது அந்த எண் மட்டுமே. அது 100 புள்ளி அகலமும் 40 புள்ளி உயரமும் கொண்டதாயின் அதற்கு 8,000 பைற்று அனுப்பினால் போதும். முழுப் படத்தில் இது 19இல் ஒரு பங்கு.

நேரக் கணக்கையும் பார்ப்போம். பலகைக்கும் திரைக்கும் இடையிலுள்ள கம்பியில் விநாடிக்கு 1 கோடி பிற்று செல்வதாகக் கொள்வோம். முழுப் படத்தையும் அனுப்ப விநாடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு செல்லும். கண்ணுக்கு அது தடக்கித் தடக்கி வருவது போலத் தெரியும். எண்ணை மட்டும் அனுப்பினால் விநாடியில் 150இல் ஒரு பங்கு போதும். மாறியது தெரியாமலே மாறிவிடும்.

எந்தப் பகுதி மாறியது என்ற கணக்கை நாமே வைத்திருப்பது சிரமம். இதற்கென ஆயத்த தொகுதிகள் உண்டு. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் கிஸ்-வாமொஷி 2016இல் தொடங்கிய எல்விஜிஎல் இவற்றுள் பெயர் பெற்றது. பொத்தான், பட்டியல், அளவுமானி, வரைபு முதலியன அதில் ஆயத்தமாக உள்ளன. எவரும் கட்டணமின்றிப் பாவிக்கலாம். செய்த பொருளை விற்கவும் தடையில்லை. எண்ணை மாற்று என்று நாம் சொன்னால், திரையின் எந்த மூலையைத் திரும்ப வரைய வேண்டும் என்பதை அதுவே குறித்துக் கொள்ளும். ஆனால் அதற்குக் குறைந்தது 64 கிலோபைற்று நிலையான நினைவகம் வேண்டுமாதலால் ஊனோவில் அது அடங்காது. பிக்கோவில் தாராளமாக அடங்கும்.

விரல் தொட்ட இடத்தை அறிதல்

தொடுதிரைகளில் இரண்டு வகை பொதுவாக உண்டு. ஒன்று அழுத்தத்தால் வேலை செய்வது. மின் கடத்தும் இரண்டு மெல்லிய படலங்கள் சிறு இடைவெளியோடு இருக்கும். அமுக்கும் இடத்தில் இரண்டும் முட்டும். அவ்விடத்து மின்னழுத்தத்தை முதலில் கிடையாகவும் பின்னர் நிலைக்குத்தாகவும் அளந்து, விரல் எங்கே உள்ளது என்று சிப் கணிக்கும். நகத்தாலும், குச்சியாலும், கையுறை போட்ட கையாலும் இதனை அமுக்கலாம். மற்றது கைத்தொலைபேசிகளில் உள்ள வகை. தோலின் மின்னியல்பை உணர்வது. மெதுவாகத் தொட்டாலே போதும். ஆனால் திரையில் நீர்த்துளி விழுந்தால் தடுமாறும். சேற்றுக் கையோடு வேலை செய்யும் இடத்துக்கு முதலாவது வகையே ஏற்றது. அதற்குப் பொத்தான்களைப் பெரிதாக, விரல் தாராளமாகப் படுமளவு வைக்க வேண்டும்.

தொட்ட இடம் தெரிந்ததும் சிப் தன்னிடமுள்ள பொத்தான் பட்டியலைப் பார்க்கும். அந்த இடம் எந்தப் பொத்தானின் நான்கு எல்லைக்குள் விழுகின்றதோ, அந்தப் பொத்தானுக்கு உரிய வேலையைச் செய்யும். காணி உறுதியில் எல்லை பார்த்து இது யாருடைய காணி என்று சொல்வது போன்றதே இது.

புதிதாகச் செய்வோர் விடும் ஒரு தவறை இங்கே குறிப்பிட வேண்டும். சிறிய சிப்பில் பெரும்பாலும் ஒரே செய்நிரலே சுற்றிச் சுற்றி ஓடிக் கொண்டிருக்கும். அச்சுற்றில் 'நீர்மட்டத்தை அளந்து 2 விநாடி காத்திரு' என்று எழுதிவிட்டால், அந்த 2 விநாடியும் தொடுகையைக் கவனிக்க ஆள் இருக்காது. தொட்டவர் திரை பழுது என்று எண்ணித் திரும்பத் திரும்ப அமுக்குவார். பம்பியை உடனே நிறுத்த வேண்டிய வேளையில் இது வெறும் சிறு தொல்லையாக இராது. காத்திருக்கச் சொல்லாமல், 'நேரத்தைப் பார். 2 விநாடி கடந்திருந்தால் மட்டும் அளந்துகொள்' என்று எழுதுவதே முறை. பம்பி ஓடும்போதும் வாய்க்காலில் ஒரு கண் வைத்திருப்பவரைப் போலச் சிப்பும் எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

எமது எழுத்து திரையில் வருமா?

இதுவே எமக்கு எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ஆங்கில எழுத்துகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்பவை. தமிழ் அப்படியல்ல. 'வெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கின்றது. ஆனால் கணனி அதனைச் சேமிக்கும்போது வகரத்தை முதலிலும் கொம்பைப் பின்னரும் வைக்கின்றது. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் அரவு பின்னுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். கைத்தொலைபேசியிலும் கணனியிலும் இந்த ஒழுங்கைச் சரிசெய்ய ஒரு தனிச் செய்நிரல் உண்டு. சிறிய சிப்பில் பெரும்பாலும் அது இராது. ஆகவே 'வெங்காயம்' என்று எழுதினால் கொம்பு இடம் மாறி, வாசிக்க முடியாத ஒன்று திரையில் வரும். இதனைக் கண்ட சிலர் இச்சிறு திரைகள் தமிழுக்குச் சரிவராது என்று கைவிட்டு ஆங்கிலத்திலேயே எழுதி விடுகின்றனர்.

கணக்குப் பார்த்தால் அப்படிக் கைவிடத் தேவையில்லை. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒவ்வோர் எழுத்தையும் அதன் கொம்பு, அரவு, விசிறி யாவற்றோடும் சேர்த்து 24க்கு 24 புள்ளி கொண்ட ஒற்றை நிறப் படமாக வைத்தால் ஓர் எழுத்துக்கு 72 பைற்று. 247 எழுத்துக்கும் 17,784 பைற்று. அகலமான எழுத்துகளுக்காக இதனை இரட்டித்தாலும் 36 கிலோபைற்றைத் தாண்டாது. பிக்கோவின் களஞ்சியத்தில் இது ஒரு மூலைக்கும் காணாது. கிரந்த எழுத்துகளைச் சேர்த்தாலும் இடம் மிஞ்சும்.

இன்னும் இலகுவான வழியும் உண்டு. ஒரு பம்பித் திரைக்கு ஆயிரம் சொற்கள் வேண்டியதில்லை. 'இயக்கு', 'நிறுத்து', 'தண்ணீர் குறைவு', 'தாங்கி நிறைந்தது' என்று இருபது சொற்றொடர்கள் போதும். இவற்றைப் பெரிய கணனியில் சரியாக எழுதி, படங்களாக மாற்றிச் சிப்பினுள் வைத்துவிடலாம். 120க்கு 32 புள்ளி கொண்ட ஒரு படத்துக்கு 480 பைற்று; இருபதுக்கும் 9,600 பைற்று. ஊனோவின் 32 கிலோபைற்றிலும் இதற்கு இடம் உண்டு. படமாக வைத்த சொல்லில் கொம்பு இடம் மாறாது.

ஆகவே தமிழ் வராமைக்குச் சிப்பின் சிறுமை காரணமல்ல. அந்த வேலையைச் செய்ய ஒருவர் உட்காராமையே காரணம். தமிழை வாசிக்கத் தெரியாத ஒருவர் எமக்காக அதனைச் செய்து தருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

1. முதலில் கடதாசியில் திரையை வரையுங்கள். அதனைப் பாவிக்கப் போகும் பெரியவர் ஒருவரிடம் காட்டி, எதை அமுக்குவீர்கள் என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்தில் படத்தை மாற்றுங்கள்.

2. முதலில் ஒற்றை நிறச் சிறு திரையில் ஒரு சொல்லைக் காட்டப் பழகுங்கள். பின்னர் வர்ணத் திரைக்குச் செல்லுங்கள்.

3. ஊனோ 5 வோல்ற்றில் பேசும். பிக்கோவும் வர்ணத் திரைச்சிப்களும் 3.3 வோல்ற்றில் பேசும். இடையில் மாற்றி இல்லாமல் நேரே இணைத்தால் திரை பழுதாகலாம். வாங்கும்போதே இதனைக் கேளுங்கள்.

4. பற்றரியில் இயக்குவதாயின் திரையின் பின்னொளியைக் கவனியுங்கள். பெரும்பாலும் மின்சாரத்தை அதிகம் குடிப்பது அதுவே. ஒரு நிமிடம் தொடாவிட்டால் அணைந்துவிடுமாறு எழுதுங்கள். வெயிலில் வைப்பதற்கும், எப்போதாவது மாறும் தகவலுக்கும் மின்கடதாசித் திரை நல்லது. மின்சாரம் நின்றாலும் அதில் படம் நிற்கும். ஆனால் படம் மாறச் சற்று நேரம் எடுக்கும்.

5. சிப்பின் கால் ஒரு சிறு மின்குமிழைத்தான் எரிக்கும், மோட்டரை ஓட்டாது. இடையில் அதற்கேற்ற ரிலே வேண்டும். 230 வோல்ற்று மின்சாரம் உயிரைப் பறிக்கும். அந்தப் பகுதியைப் பயிற்சி பெற்ற மின்தொழிலாளர் ஒருவரே செய்ய வேண்டும். பிள்ளைகள் தனியே அதில் கை வைக்கக் கூடாது.

6. திரையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பம்பியை நேரடியாக நிறுத்தும் சாதாரண ஆளி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் இருக்கட்டும்.

முடிவாக, சிறிய சிப் பெரிய படத்தைக் காட்டுவது மந்திரத்தாலல்ல. முழுவதையும் ஒரேயடியாகச் சுமக்க முயலாமல், ஒரு கீற்றை எடுத்து, அதை முடித்து, அடுத்ததற்கு மாறுகின்றது. மாறாததைத் தொடாமல் விட்டு, மாறியதை மட்டும் திருத்துகின்றது. கொஞ்ச நிலத்திலும் கொஞ்சத் தண்ணீரிலும் பயிர் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது. அத்திரையில் வரும் சொல் எமது வீட்டுப் பெரியவரும் வாசிக்கக்கூடிய சொல்லாக இருக்க வேண்டுமானால், அந்த இருபது சொற்களை எழுதும் வேலையை எமது பிள்ளைகளே தொடங்கட்டும்.